காத்தாடிமலைப் பொன்னையா பாசி இரந்த பரணி

நாற்பத்தேழு ரூபாய் முப்பது சதம் கடன்பட்ட கோமான், பெரகலைச் சந்தியில் ஹாஷிம் நானாவின் கடைக் கொப்பியில் ஒரு முழுப் பக்கத்தைத் தனியே ஆண்ட பேரரசன், தேங்காய்நார்த் தும்புத்தடி ஏந்திய தடக்கையன், முழங்காலுக்கு மேல் மடித்த காற்சட்டையன், இருபத்திரண்டு ஆண்டுகளாய்க் காத்தாடிமலைத் தோட்டத்துத் தொட்டிகளிலும் தண்ணீர் விழும் பீலிகளிலும் வடிகால் கான்களிலும் படையெடுத்து வந்த பாசிக்குலத்தை வேரோடு சுரண்டி, வேர் இல்லாத குலம் என்பதால் வழுக்கலோடு சுரண்டி, வெயிலில் எறிந்த வீரன், பெரியாயியின் கணவன், சீதேவி என்னும் பசுவுக்குப் பெரியாயிக்கு அடுத்த எசமான், பொன்னையா என்னும் பெயரோன் வாழ்க. அவனுடைய இடுப்புவலியும் வாழ்க. அவனுக்கு முந்தி எழுந்து அவனுக்குப் பிந்திப் படுக்கும் துணை அது ஒன்றுதான்.

ஆயிரம் யானையைப் போரிலே சாய்த்தவனுக்குத்தான் பரணி பாட வேண்டும் என்பது பழைய முறை. காத்தாடிமலையில் யானை இல்லை. அட்டை உண்டு, பனிமூட்டம் உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு. இம்மூன்றையும் எவனாலும் சாய்க்க முடியாது. ஆதலால் பாசியைப் பாடுவோம். வேரின்றி நிற்பவளே, பூவின்றிப் பெருகுபவளே, அழையாமல் வருபவளே, அடித்தால் அழாதவளே, கூலிக்காரனையும் வெள்ளைக்காரத் துரையையும் பேதம் பாராமல் ஒரே படிக்கட்டில் மல்லாத்திய சமத்துவத் தாயே, இந்தக் கதை முடியும்வரை எங்கள் காலடியில் மட்டும் நீ படராதிருப்பாயாக.

காலம், ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதம். களம், அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் நடுவில் முகிலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் காத்தாடிமலைத் தோட்டம். அங்கே மாட்டுப்பட்டிக்குக் கீழே, முந்திய ஆண்டு, ஆழமாய் ஒரு குழி வெட்டிச் சீமெந்து பூசி அதன்மேல் இரும்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்கள். சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்ற ஊற்ற, ஏப்பம் நிறைந்த வயிறு போலத் தொப்பி மெல்ல எழுந்தது. எழுந்த தொப்பிக்குள்ளிருந்து குழாய்வழி புறப்பட்ட வாயு, பிள்ளைக்காம்பராவின் அடுப்பில் நீலமாய் எரிந்து, தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து மாடுகளின் சாணிக்கு வாளி ஒன்றுக்குப் பத்துச் சதம் என்று காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் அறிவிப்பு வந்தது. அன்றைக்கே பெரியாயி கரித்துண்டை எடுத்துத் தன் வீட்டுக் காம்பராச் சுவரில் வாளிக்கு ஒரு கோடு போடத் தொடங்கினாள்.

மாடு நன்றாய்த் தின்றால்தான் சாணி நன்றாய் விழும். ஆகவே ஹாஷிம் நானாவிடம் புண்ணாக்குக் கடன் வாங்கினாள். சுவரில் எத்தனை கோடோ அத்தனை பத்துச் சதத்துக்குத்தான் வாங்குவாள். அதற்கு மேல் ஒரு சதம் தொடமாட்டாள். நானூற்று எழுபத்து மூன்று கோடுகள் நிறைந்தபோது கடன் நாற்பத்தேழு ரூபாய் முப்பது சதமாய் நின்றது. தோட்டம் மட்டும் இன்னும் ஒரு சதமும் தரவில்லை. காசைக் காணும்வரை இனி வாளி இல்லை என்று பெரியாயி கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

"கணக்கு கொஞ்சம் ஏறித்தான் ஈக்கிது பெரியாயி," என்றார் ஹாஷிம் நானா, தராசைத் துடைத்துக்கொண்டே.

"இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துரும் நானா. வராட்டிச் சீதேவிய ஓட்டிக்கிட்டுப் போயிருங்க."

"நான் மாட்டக் கேக்கல்லயே."

"நீங்க கேக்கல. நாஞ் சொல்றேன்."

வாக்கு விழுந்துவிட்டது. அருகில் புண்ணாக்கு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்ற பொன்னையாவுக்கு அந்த வாக்கு மூட்டையைவிடக் கனத்தது. ஆனால் பெரியாயியின் வாக்கை மாற்ற அவள் மாமியாராலேயே முடிந்ததில்லை.

இனி, அந்த வாக்குக்குச் சில மாதம் முந்தியே தொடங்கிய, பகை நட்பான படலம். குழியில் வாயுவாய்ப் போனது போக, எச்சமாய் வழிந்த கறுப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கி, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்துப் பீலியில் ஏறி, சோற்றுப்பானைவரை சென்று தன் வாசனையைப் பரப்பிற்று. கீழ்க்கணக்கார் சட்டிபானையோடு வந்து துரை பங்களாவுக்கு முன்னால் குந்திவிட்டார்கள். அதற்கு மருந்தாகப் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார் புவாத் என்னும் இளம் உத்தியோகத்தர். தடித்த கண்ணாடியர், மெல்லிய தேகத்தர், பாசியைக் கண்டால் முகம் மலரும் ஒரே மானிடர். ஓடையோரம் முழங்கால் ஆழத்தில் நான்கு அகலத் தொட்டிகளைக் கட்டுவித்து, ஆட்களைக் கூட்டிவைத்து அவர் சொன்னார்:

"சாணியில இருந்து கேஸ் போயிரும். சத்துப் போகாது, இந்தக் கறுப்புத் தண்ணியிலயே நிக்கிது. ஓடையில விட்டா ஓட நாறும். தண்ணி கலந்து வெயில்ல வெச்சுப் பாசிக்குக் குடுத்தா, பாசி சத்தத் தின்னுட்டுத் தண்ணியத் தெளிவாக்கிக் குடுக்கும். பாசியத் துணியில வடிச்சுக் காயவெச்சா மாடு திங்கும். மாடு தின்னா..."

"சாணி போடும்," என்றாள் பெரியாயி. "மறுபடி பத்துச் சதம்."

புவாத் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாம் அரைமணி நேரம் சொல்ல நினைத்ததை அம்மா சொல்லிவிட்டார் என்றார்.

இந்தப் பாசிக்குக் காவலன் யார்? தோட்டத்தில் பாசியைப் பற்றி அதிகம் அறிந்தவன் யார் என்று துரை கேட்க, எல்லா விரலும் பொன்னையாவை நோக்கின. அந்தோ. இருபத்திரண்டு ஆண்டுகள் எதிரியின் தலையைக் கொய்தவனை அழைத்து, அதே எதிரிக்குத் தொட்டில் ஆட்டச் சொன்னால் அவன் உள்ளம் என்ன பாடுபடும்? ஒரு நாளைக்கு ஐந்துதரம் மரத்துடுப்பால் தொட்டியைக் கலக்க வேண்டும். அதற்கு முழுப் பேரும் போடுவதாகச் சொன்னார்கள். முழுநாள் கூலி என்றதும் உள்ளம் பாடுபடுவதை நிறுத்திக்கொண்டது. கைகள் மட்டும் ஒப்பவில்லை. துடுப்பைப் பிடித்த கைகள் தும்புத்தடியை நினைத்து இரவெல்லாம் அரித்தன.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. தொட்டிகள் கீரைமசியல் போலப் பச்சையாய்த் தளும்பின. வடித்துக் காயவைத்த பாசி மூன்று சாக்கு நிரம்பிற்று. கீழ்க்கணக்குப் பீலியில் வாசனை அடங்கிற்று. அப்போதுதான் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது.

தோட்டத்துக்குப் பெரியவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதை அறியாதார் அறிக. அசையாமல் நிற்பது எதுவாயினும் அதற்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும். பாதையோரக் கல்லுக்கும், மரத்தடிக்கும், கக்கூஸ் சுவருக்கும், கொடிக்கம்பத்துக்கும் அடிப்பார்கள். ஒருமுறை படுத்துறங்கிய நாயின் வாலுக்கும் அடித்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி விடியற் பெரட்டில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கணபதிக் கங்காணி மலை அதிர முழங்கினார்:

"முப்பதாந் தேதி பெரிய ஆளுக வாறாங்க. இன்னைக்கித் தொடங்கணும். கல்லா இருந்தாலும் சரி, கானா இருந்தாலும் சரி, தொட்டியா இருந்தாலும் சரி, அழுக்குன்னு ஒன்னு என் கண்ணுல படக் கூடாது. தேய்க்கிறதத் தேய்ங்க, அடிக்கிறத அடிங்க."

தொட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னையாவின் புயங்கள் பூரித்தன. மூன்று மாதத் துடுப்பைத் தூர வைத்தான். மூலையில் விதவைபோல் சாய்ந்துகிடந்த தும்புத்தடியை எடுத்தான். அது அவன் கையில் ஒரு துள்ளுத் துள்ளியது என்றே சொல்ல வேண்டும். மடையைத் திறந்தான். பச்சைக்கடல் நான்கும் புறங்காட்டி ஓடையில் பாய்ந்தோட, சுவர்களில் ஒட்டிநின்ற பின்படையை அவன் தும்பால் துவைத்தும், தேங்காய்மட்டையால் தேய்த்தும், சந்துகளில் பதுங்கிய ஒற்றர்களை நகத்தால் நோண்டியும், முட்டியில் நின்றும், வயிற்றில் படுத்தும், பெருமாரி பெய்த களத்தில் பித்தேறிய மதயானை சுழல்வது போலச் சுழன்றும், உச்சிப்பொழுதுக்குள் ஒன்றையும் உயிரோடு விடாமல் ஒழித்து, மேலே இரண்டு பூச்சுச் சுண்ணாம்பும் அடித்து நிமிர்ந்தபோது, நான்கு தொட்டிகளும் புதுச்சோற்றுப் பருக்கை போல் வெள்ளைவெளேரென்று நின்றன. மூன்று மாதப் பசி ஒரே காலையில் தீர்ந்தது.

கணபதிக் கங்காணி வந்து பார்த்து, "இது வேல," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் கடைசியாய் வந்தது எந்த ஆண்டென்று யாருக்கும் நினைவில்லை.

பிற்பகல் புவாத் ஐயாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் இறங்கி நாலடி வைத்தார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். சுண்ணாம்பு காயாததால் கால்சட்டையின் பின்புறம் வெள்ளையானதை அவர் கவனிக்கவில்லை.

"பொன்னையா," என்றார் மெதுவாக, "பாசி எங்க?"

"ஒன்னு விடலைங்க ஐயா."

"மூலையில?"

"விரல விட்டுத் தடவிப் பாருங்க."

அவர் தடவிப் பார்க்கவில்லை. சற்று நேரம் ஓடையைப் பார்த்தார். பிறகு, கோபம் வராத ஒரு மனிதர் கோபப்பட முயன்று தோற்ற குரலில் சொன்னார்: "அவங்க தொட்டியப் பாக்க வாறதில்ல பொன்னையா. பாசியப் பாக்கத்தான் வாறாங்க. பாசி இல்லாட்டி இந்த வேலைய மூடிருவாங்க. சாணிக் காசும் அதோட போயிரும்."

சாணிக் காசு என்ற சொல் அம்பாய்ப் பாய்ந்தது. அம்பின் முனையில் சீதேவி நின்றாள். கழுத்துக் கயிற்றின் மறுமுனை ஹாஷிம் நானாவின் கையில் இருந்தது. பொன்னையாவின் கையிலிருந்து தும்புத்தடி நழுவி விழுந்தது.

"மறுபடி வளக்க முடியாதுங்களா?"

"விதைக்குக் கொஞ்சம் பச்சத் தண்ணி கெடச்சா எட்டு நாள்ல முடியும். சுவத்துல ஒட்டுற வழுக்கல் சரிவராது. தண்ணியோட கலந்து நிக்கிற பச்சை வேணும். கிளாஸ்ல மொண்டு வெயிலுக்கு நேரப் பிடிச்சா எலுமிச்சம் எல மாதிரித் தெரியணும். எங்க இருக்குண்டு உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் தோட்டத்தின் எந்தத் தொட்டியில், எந்தப் பீலியடியில், எந்தக் கிடங்கில் அவன் பாசியை விட்டுவைத்தான்? இருபத்திரண்டு ஆண்டு வெற்றி அவனுக்கு முன்னால் வெள்ளையாய் விரிந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை எதிரி இல்லை. தேடி அழைத்துக் காலில் விழலாம் என்றாலும் ஒரு எதிரி இல்லை. இப்படி ஒரு வெற்றியால் நாசமான வேந்தன் வேறு யார்?

ஒரே ஒரு தொட்டி அவன் நினைவுக்கு வந்தது. அவனுடைய லயத்துக்குப் பின்னால் சீதேவி தண்ணீர் குடிக்கும் சிறு தொட்டி. ஊர்த் தொட்டியெல்லாம் தேய்த்துவிட்டு வருபவனுக்கு வீட்டுத் தொட்டியைத் தேய்க்க இடுப்பு இடந்தராது. பெரியாயி திட்டித் திட்டிக் களைத்த தொட்டி அது. விழுந்தடித்து ஓடினான். சீதேவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தொட்டி வெள்ளைவெளேரென்று இருந்தது.

"கங்காணி எல்லாத்தையுந்தானே தேய்க்கச் சொன்னாரு," என்றாள் பெரியாயி, சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்தபடி. "ஒரு மனுசன் இருவத்திரண்டு வருசமாத் தேய்க்காதத நான் இன்னைக்கி ஒரு மணி நேரத்துல தேய்ச்சுட்டேன்."

பொன்னையா வாசல் திண்டில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். பெரியாயி சீதேவியின் நெற்றியில் பட்டிருந்த சுண்ணாம்புத் துளியை விரலால் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஹாஷிம் நானா கடைக்குப் பின்னால ஒரு தகரப் பீப்பா கெடக்கு. மழத்தண்ணி நெறஞ்சு பச்சப்பசேல்னு நிக்கும். நான் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போவேன்."

"அங்க போயி எந்த முகத்தோட நிக்கிறது?"

"இருக்கிற முகத்தோடதான். வேற முகம் இருக்கா என்ன?"

மறுநாள் காலை, தோளில் ஒரு தண்டும் அதன் இரு நுனியிலும் இரண்டு மண்ணெண்ணெய் டின்னும் தொங்க, காவடி எடுத்த பக்தனைப்போல் பொன்னையா பெரகலைக்கு இறங்கினான். கடைமுன் ஹாஷிம் நானா வெங்காயச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பொன்னையா. காசு கொணந்தீங்களா?"

"இல்ல நானா. இன்னுங் கொஞ்சம் கடன் கேட்டு வந்தேன்."

"புண்ணாக்கா?"

"பாசி."

ஹாஷிம் நானா வெங்காயத்தைக் கீழே வைத்தார். முப்பது வருடக் கடையில் அவரிடம் அரிசி கேட்டிருக்கிறார்கள், கருவாடு கேட்டிருக்கிறார்கள், கலியாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் கேட்டிருக்கிறார்கள். பாசி கேட்டவர் இல்லை. பொன்னையாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு அவனைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே துருப்பிடித்த பீப்பாவுக்குள், கோடை வெயிலில் முதிர்ந்து, காற்றுக்கு மெல்லச் சுருங்கி விரிந்து, மரகதம் உருக்கி ஊற்றியது போலக் கிடந்தாள் அவன் பரம வைரி. பொன்னையா டின்னை அமுக்கி மொண்டான். அந்தக் கைகளால் அவளை முதன்முறையாய்ச் சேதமில்லாமல் தூக்கினான்.

"இத எத்தன சதம்ண்டு எழுதுற?" என்று கேட்டார் ஹாஷிம் நானா, கொப்பியைத் திறந்தபடி.

"நீங்களே சொல்லுங்க நானா."

அவர் யோசித்தார். 'பாசி இரண்டு டின்' என்று எழுதி, எதிரே இருக்கும் கட்டத்தை வெறுமையாய் விட்டார்.

அப்புத்தளை பஸ் வந்தது. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் மூக்கைச் சுளித்து, "நாத்தத் தண்ணியோட ஏறாத," என்றான். பஸ் போயிற்று. ஆகவே வீரன் நடந்தான். முன்னே ஏற்றம், பின்னே பள்ளம், இடப்பக்கம் கிடுகிடு பாதாளம், தோளிலோ ஒரு துளியும் சிந்தக்கூடாத பகைவியின் பல்லக்கு. மூடி போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று புவாத் ஐயா சொல்லியிருந்ததால் டின்கள் திறந்தே வந்தன. தேவாமிர்தத்தைச் சுமந்து வந்தவர்களுக்குக் குடிக்க ஆசையாவது இருந்திருக்கும்; பொன்னையாவுக்கு அதுவும் இல்லை. வளைவொன்றில் எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்தான் ஒருவன் டின்களைப் பார்த்தான்.

"என்னாண்ணே, பாலா?"

"பாசி."

"விக்கவா?"

"கடனுக்கு வாங்கிக்கிட்டு வாறேன்."

அவன் வெகுதூரம் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

தொட்டிக்கு வந்தபின் இன்னொரு தண்டனை காத்திருந்தது. தான் அடித்த சுண்ணாம்பைத் தானே சுரண்ட வேண்டும். காரம் பட்டால் பாசி பிழைக்காது. மூன்றுதரம் கழுவினான். புவாத் ஐயா ஒரு நிறக் காகிதத்தைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பார்த்துத் தலையாட்டியபின், முதல் தொட்டியில் சாண் உயரத்துக்கு ஓடைத்தண்ணீரும் கொஞ்சம் கறுப்புத் தண்ணீரும் கலந்து, அதில் கடன்பாசியை ஊற்றினார்கள். அரிசி களைந்த நீருக்குப் பச்சை என்று பேர் வைத்தாற்போல இருந்தது. தேவையானபோது வந்து பார்ப்பதாகச் சொல்லிப் புவாத் ஐயா பதுளைக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்தது பனிமூட்டத்தின் படை. அப்புத்தளை முகட்டில் கூடாரமிட்டிருக்கும் அந்தக் குருட்டுச் சேனை விடியலில் இறங்கினால் மதியம்வரை எழாது. வெயில் இல்லாவிட்டால் பாசி இல்லை. பாசி இல்லாவிட்டால் சீதேவி இல்லை. பொன்னையா துடுப்போடு நின்றான். ஐந்துதரம் கலக்கச் சொன்னதை இருபதுதரம் கலக்கினான். வெயில் ஒரு சாண் விழுந்தால் அந்தச் சாணுக்குத் தண்ணீரைத் தள்ளினான். யாரும் இல்லாத நேரத்தில் குனிந்து, "கொஞ்சம் பச்சையாயிரு தாயி," என்றான். தலைமுறை தலைமுறையாய்த் தன்னால் நசுக்கப்பட்ட குலத்திடம் இவ்வளவு குழைந்து பேசியதை அவன் பெரியாயியிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் அப்படிக் குழைந்ததில்லை என்பதும் ஒரு காரணம். மூன்றாம் நாள் தண்ணீர் எலுமிச்சை இலையாயிற்று. பாதியை இரண்டாம் தொட்டிக்கு மாற்றினான். ஐந்தாம் நாள் முகில் கிழிந்து இரண்டு மணி நேரம் வெயில் எரித்தது. அன்று மாலையே நான்கு தொட்டிக்கும் பங்கிட்டான்.

ஆறாம் நாள் காலை கணபதிக் கங்காணி வந்தார். அவருக்குப் பின்னால் தும்புத்தடிக்காரர் இருவர்.

"வெள்ளையா வெச்சிட்டுப் போனேனே. என்னடா இது திரும்பவும் பச்ச?"

"இது இருக்கணும் கங்காணி. இதப் பாக்கத்தான் வாறாங்க."

"கொழும்புலருந்து காரு புடிச்சுப் பாசியப் பாக்க எவன்டா வருவான்? அவங்க கண்ணுல இது பட்டா என் தொப்பி போயிரும். டேய், எறங்குங்க."

இருவரும் தடியை ஓங்கினார்கள். பொன்னையா துடுப்பைக் குறுக்கே பிடித்து முதல் தொட்டியின் வரப்பில் ஏறினான். இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கங்காணிக்கும் தலைநிமிராத அந்தக் கழுத்து, சுளுக்குப் பிடித்ததுபோல் நிமிர்ந்தது.

"தொட்டியில ஒரு தும்பு பட்டா, ஒடையிறது என் கையா உங்க கையான்னு பாத்துருவோம்."

"இந்தத் தோட்டத்துல கங்காணி யாருடா?"

"நீங்கதான். பாசிக்கு நான்."

தும்புக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு மலைகள் மோதிக்கொள்ள இருந்த அந்தக் கணத்தில், இடையில் இருந்த தொட்டி மட்டும் நிதானமாய் ஒரு குமிழி விட்டது. கங்காணி தொட்டியைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார், அதன் நுனி நடுங்குவதையும் பார்த்தார். நடுங்கும் துடுப்பு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. "என்னமோ செஞ்சு தொல," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

முப்பதாம் தேதி ஜீப்பில் மூன்று பெரியவர்கள் வந்திறங்கினார்கள். வெள்ளைக் கல், வெள்ளை மரம், வெள்ளைச் சுவர் என்று பார்த்துக்கொண்டே வந்த தலைவர், பசும்புல்வெளிபோல் நிறைந்த நான்கு தொட்டிகளின் முன் வந்து நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்தார். பிறகு ஏதோ கேட்டார். அதைக் கணபதிக் கங்காணி, அகங்குளிர்ந்து, தமிழில் முழங்கினார்:

"மத்ததெல்லாம் இவ்வளவு துப்புரவா இருக்கு, இந்தத் தொட்டிய மட்டும் ஏன் கழுவலன்னு பெரியவர் கேக்குறார்."

பொன்னையா தரையைப் பார்த்தான். இருபத்திரண்டு ஆண்டுகளில் தொட்டி கழுவவில்லை என்று அவனை யாரும் கேட்டதில்லை; கேட்டது இந்த ஒரு நாளில்தான்.

புவாத் ஐயா இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுத்தார். ஒன்றில் குழியிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீரை மொண்டார். மற்றதில், கடைசித் தொட்டிக்கு அப்பால், பாசியைத் துணி பிடித்துக்கொள்ள வடிந்து ஓடைக்குப் போகும் தண்ணீரை மொண்டார். இரண்டையும் பெரியவர் கையில் கொடுத்தார். பெரியவர் கறுப்பை முகர்ந்து முகத்தைத் திருப்பினார்; தெளிந்ததை முகர்ந்து, மறுபடி முகர்ந்தார். கைக்குட்டை பைக்குள் போயிற்று. அப்போது பெரியாயி சீதேவியை ஓட்டிவந்தாள். காய்ந்த பாசியை முறத்தில் வைத்தார்கள். சீதேவி முகர்ந்தாள். தலையைத் திருப்பினாள். உலகம் மூச்சை நிறுத்தியது; பொன்னையா உலகத்துக்கு முன்பே நிறுத்திவிட்டான். பிறகு அவள், வேறு வேலை இல்லையே என்ற பாவனையில் நாக்கை நீட்டி, முறத்தை விளிம்புவரை நக்கித் தின்று, வாலைத் தூக்கி, மூன்று பெரியவர்களின் பளபளக்கும் சப்பாத்துக்கு ஓரடி தள்ளி, சொட்டும் மிச்சமின்றிச் சாணி போட்டாள்.

பெரியாயி வாளியை வைத்து வழித்தெடுத்தாள்.

"நானூத்து எழுவத்துநாலு," என்றாள்.

பெரியவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். வேலை தொடரும் என்றார்.

ஆனால் கையெழுத்து வேறு, காசு வேறு. ஒப்பிசில் கிளார்க் ஐயா சொன்னார்: காசு கொழும்பிலிருந்து வர மூன்று மாதமாகும், அவசரம் என்றால், காய்ந்த பாசி ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு, நானூற்று எழுபத்து நான்கு வாளிக்கும் கணக்குத் தீர்ந்தது என்று கைநாட்டு வைக்கலாம். மூன்று மாதம் என்றால் என்னவென்று பொன்னையாவுக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் மாதக் கடைசி. பெரியாயி சீதேவியைக் குளிப்பாட்டி, நெற்றிக்கு மஞ்சள் வைத்து, கயிற்றைப் புருசன் கையில் கொடுத்தாள்.

"சொன்னது சொன்னதுதான். அந்தச் சாக்கையும் கொண்டு போங்க. போற எடத்துல பட்டினி கெடக்கக் கூடாது," என்று சொல்லி, முகத்தைக் காட்டாமல் காம்பராவுக்குள் போனாள்.

பொன்னையா சாக்கைத் தலையில் வைத்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு, பெரகலைக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

"இதென்ன ஊர்கோலம்?" என்றார் ஹாஷிம் நானா.

"வாக்கு நானா. காசு வரல."

ஹாஷிம் நானா மாட்டைச் சுற்றி வந்தார். "இவளை நான் வெச்சிக்கிட்டா, இவ தின்ற புண்ணாக்க எவன் கணக்குல எழுதுற? என் கடையில நானே கடன் வெக்கிறதா?"

அவர் சொல்லி முடிக்குமுன் பொன்னையா இறக்கி வைத்த சாக்கின் ஓட்டையில் கடைக்கோழிகள் கூடிவிட்டன. ஒன்று கொத்தியது, இன்னொன்று அதைத் துரத்திவிட்டுக் கொத்தியது, பத்துப் பன்னிரண்டும் ஒன்றையொன்று மிதித்தேறி, சாக்குப் பச்சைத்தூளாய்ப் பறக்கப் பெரும்போர் மூண்டது. ஹாஷிம் நானா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோழித்தீனி சாக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும்.

"இது உங்க தோட்டத்துப் பாசியா?"

"உங்க பீப்பாப் பாசியோட ஒறவுதான் நானா."

"சாக்க வெச்சிட்டு மாட்டக் கொண்டு போங்க. போகமுந்தி அந்தப் பீப்பாவையும் ஒருக்காக் கழுவிருங்க. நீங்க மொண்டதுலருந்து நாத்தம் கூடிட்டுது."

சீதேவியைக் கம்பத்தில் கட்டிவிட்டு, வீரர் வீரன் தும்பு கேட்டு வாங்கினான். பீப்பாவைச் சாய்த்தான், விளிம்பைத் தேய்த்தான், சுவரைத் தேய்த்தான்; அடிக்கு வந்ததும் கை நின்றது. ஒரு சாண் பச்சைத் தண்ணீரை அப்படியே விட்டு நிமிர்த்தி வைத்தான்.

"அத ஏன் விட்டீங்க?"

"இருக்கட்டும் நானா. ஒரு நாளைக்கித் தேவப்படும்."

ஹாஷிம் நானா கொப்பியைத் திறந்து, நாற்பத்தேழு ரூபாய் முப்பது சதத்தையும், அதன்கீழ் விலை எழுதாத இரண்டு டின் பாசியையும் ஒரே கோட்டில் வெட்டினார்.

மாட்டை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் பொன்னையா நடந்து வீட்டுக்குப் போனான்.